இரண்டு மாத்திரை போட்ட நாள்

எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கும் என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை. கடிதம் கொடுக்கப் போன ஒரு வீட்டு அம்மாதான் சொன்னார்.

அறுபதுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில் தபால்காரனாக இருந்தேன். வயது நாற்பத்தொன்று. காலையில் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டு, சைக்கிளில் முசரவாக்கம் பக்கம் போவேன். அங்கிருந்து வயல்களுக்கு நடுவே நாலைந்து சின்ன ஊர்களைச் சுற்றிவிட்டு மாலைக்குள் திரும்ப வேண்டும். அந்த வருஷக் கோடையில் எனக்குத் தாகம் அடங்கவே இல்லை. எந்த வாசலில் நின்றாலும் கடிதத்தை நீட்டுவதற்கு முன்னால் தண்ணீர் கேட்டேன். ஜைனக் குடும்பங்கள் இருந்த ஒரு தெருவில் துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுப்பார்கள். ஒருநாள் அங்கே ஒரு வீட்டில் மூன்று செம்பு குடித்துவிட்டு நாலாவதுக்குக் கையை நீட்டினேன். அந்த அம்மா செம்பைக் கொடுக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, சட்டை தொளதொளன்னு தொங்குதே. எளச்சிட்டியா?"

"வெயில்மா."

"வெயிலா இருந்தா எங்களுக்கும்தான் எளைக்கணும். எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. போய் ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணிப் பாரு."

எனக்கு உள்ளுக்குள் தெரிந்தேதான் இருந்தது. என் அப்பா தறி நெய்தவர். தறிக்குழியில் மிதிக்கட்டை இடித்து அவருடைய கால் கட்டைவிரலில் சின்னக் காயம் பட்டது. அது ஆறவில்லை. கருத்து, மேலே ஏறி, மூன்றே மாதத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவருக்குச் சர்க்கரை இருந்தது என்பதே அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதனால் அந்த அம்மா சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு நினைப்பெல்லாம் காலிலேயே இருந்தது. பெடல் மிதிக்கும்போதே குனிந்து விரல்களைப் பார்த்தேன். இரண்டு முறை வாய்க்காலில் விழப்போனேன்.

டாக்டர் கறாரான மனிதர். பரிசோதித்துவிட்டு, "ஊசி வேண்டாம், மாத்திரையே போதும்" என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. அதைப் பார்த்துவிட்டோ என்னவோ, அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாத்திரைதானேன்னு லேசா எடுத்துக்காதீங்க. காலையில ஒண்ணு, சாப்பாட்டோட. சாப்பாடு இல்லன்னா மாத்திரையும் இல்ல. ஒருநாள் மறந்துட்டா மறுநாள் சேத்துப் போடக்கூடாது. கை நடுங்கினா, குப்புனு வேர்த்தா, கண்ணு மங்கினா உடனே சர்க்கரையை வாயில போட்டுக்கணும். பாக்கெட்ல எப்பவும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்."

தலையை ஆட்டினேன். ஆனால் காதில் வாங்கியது பாதிதான். சர்க்கரையால் வந்த வியாதிக்குச் சர்க்கரைப் பொட்டலமா என்று மனம் ஒப்பவில்லை. பையில் பாம்பை வைத்துக்கொண்டு சுற்றச் சொன்னது போல் இருந்தது. பொட்டலம் கட்டவே இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு நீலத் திரவத்தைக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சிறுநீரில் எட்டு சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். முதல் நாள் குழாயை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். தார் சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி ராட்டையை விட்டு எழுந்து வந்து வாசற்படியை மறித்துக்கொண்டாள். பட்டு நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது அவள் வேலை.

"சோறு பொங்குற அடுப்புல இத்தக் காய்ச்சுவியா? இன்னா மனுஷன்யா நீ!"

பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டி எனக்கென்று தனி அடுப்பு போட்டுக் கொடுத்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை காய்ச்சினேன். பச்சை வந்தால் ஏன் நீலம் இல்லை என்று கவலை. நீலம் வந்தால் திரவம் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகம். அவளுடைய கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வேன். உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. வியாதிக்காரன் சைக்கிள் மிதிக்க மாட்டான் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இப்படியே நாலு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் நான் வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறிக்க மறிக்க, பரிமாறியவர் ஜாங்கிரியை இலையில் போட்டுவிட்டார். சாப்பிட்டேன். ராத்திரிப் பந்தியிலும் சாப்பிட்டேன். திங்கட்கிழமை காலை குழாயைக் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, அதோடு நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போனது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நாலு நாளாகக் குதிகாலில் ஒரு கொப்புளம் வேறு இருந்தது. செருப்பு கடித்ததுதான். அதற்கு மருந்துக்கடையில் நானாகக் கேட்டு ஏதோ சல்ஃபா மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். கொப்புளத்தையும் செங்கல் நிறத்தையும் சேர்த்துப் பார்த்ததும் அப்பாவின் கால் கண்முன்னே வந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து ஒன்றுக்கு இரண்டாகச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சாப்பிட்டால் மறுபடியும் ஏறுமே என்று இட்லித் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"சாப்டாமயா போற? மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

எத்தனை என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முசரவாக்கம் தாண்டும் வரை ஒன்றும் இல்லை. வழக்கத்தைவிட வேகமாகக்கூட மிதித்தேன். அப்புறம் பசி எடுத்தது. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். பிறகு காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. குறுக்கே வந்த ஆட்டை மேய்த்தவரிடம் கத்தினேன். அடுத்த ஊருக்குள் நுழையும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த கடிதங்களில் எழுத்துகள் இடம் மாறின. ஒரு விலாசத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு பெயராகத் தெரிந்தது. யாரோ என்னைப் பார்த்துச் சிரித்ததும், நான் அவரைத் திட்டியதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தவை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தள்ளாடி நடந்தேனாம். ஒரு வீட்டுக் கடிதத்தை இன்னொரு வீட்டில் எறிந்தேனாம். கோயிலுக்கு எதிரே கடைப்பக்கம் போனதும் சைக்கிளோடு சாய்ந்தேனாம். மதுவிலக்கு இருந்த காலம் அது. காக்கிச் சட்டை போட்டவன் பட்டப்பகலில் உளறிக்கொண்டு கிடந்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்? "தண்ணி போட்டுக்கினு வந்துட்டான்பா தபால்காரன்" என்று கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் வீசினார்கள். போலீசுக்கு ஆள் அனுப்பலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த பஸ் நின்றிருக்கிறது. அதிலிருந்து அந்த ஊர்க் காலனியைச் சேர்ந்த ஒரு பெண் இறங்கினாள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். டவுனில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் பெருக்கித் துடைத்து, நோயாளிகளைத் திருப்பிப் போடும் வேலை பார்ப்பவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் என் பக்கத்தில் குந்தினாள். என் நெற்றியில் கை வைத்தாள். பிறகு அத்தனை பேர் பார்க்க, முகத்தை என் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து மோந்து பார்த்தாள்.

"சாராயம் இல்ல இது. ஒரு வாசமும் இல்ல. இப்படிச் சில்லுனு வேர்க்குதே, இவருக்குச் சக்கரை இறங்கிப்போச்சு. வெல்லம் குடுங்க யாராவது!"

கடைக்காரர் தயங்கியிருக்கிறார். அவள் போட்ட சத்தத்தில் ஒரு வெல்ல அச்சு வந்தது. அதைத் தண்ணீரில் கரைத்தாள். உதவிக்கு வந்த ஒருவர் படுத்திருந்த என் வாயில் அப்படியே ஊற்றப்போக, அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"படுத்துக்கினு இருக்கிறவர் வாயில ஊத்தாதீங்க, பொரையேறிடும். தூக்கி உக்கார வைங்க மொதல்ல." பிறகு என் கன்னத்தைத் தட்டி, "இன்னாங்க, நான் சொல்றது கேக்குதா? முழுங்குவீங்களா? எங்க, எச்சிலை முழுங்குங்க பாக்கலாம்" என்றாள்.

நான் முழுங்கினேனாம். அதன் பிறகுதான் வாய்வாயாக வெல்லத் தண்ணீரைக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் எனக்கு உலகம் திரும்பி வந்தது. முதலில் கேட்டது காக்கைச் சத்தம். அப்புறம் நிறையக் கால்கள் தெரிந்தன. தபால் பை என் மடியில் கிடந்தது. அதன் வாரை அவள் தன் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

எனக்கு ஒரே துடிப்பு. இன்னும் இரண்டு ஊர் பாக்கி. கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து சைக்கிளைப் பிடித்தேன். அவள் கைப்பிடியை விடவில்லை.

"எங்க போறீங்க?"

"தெளிஞ்சிடுச்சும்மா. விடு, நேரமாவுது."

"தெளிஞ்ச மாரி இருக்கும். மாத்திரை உள்ளே இருக்குது இல்ல? மறுபடியும் இழுக்கும். எங்க வார்டுல பாத்திருக்கேன்."

நான் வாதாடினேன். அவளும் வாதாடினாள். ராத்திரி வேலை முடிந்து வீடு திரும்பியவள், சைக்கிளைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த வெயிலில் என்னோடு அதே பஸ்ஸுக்காகக் காத்திருந்து டவுனுக்குத் திரும்பி வந்தாள். அவள் சொன்னது போலவே பஸ்ஸில் பாதி வழியில் எனக்கு மறுபடியும் வேர்த்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல்கள் ஆடின. முந்தானையில் முடிந்துவைத்திருந்த மிச்ச வெல்லத்தை எடுத்து, "மென்னுக்கினே இருங்க, நிறுத்தாதீங்க" என்றாள். தனியாகச் சைக்கிளில் போயிருந்தால் ஆள் இல்லாத வயல்காட்டில் விழுந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. மறுநாள் டாக்டர் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு சார்."

"யார் சொன்னா?"

நான் குழாயைப் பற்றியும் கல்யாணப் பந்தியைப் பற்றியும் சொன்னேன்.

"அந்தக் கலர் காட்டினது முந்தின நாள் கல்யாணச் சாப்பாட்டை. திங்கட்கிழமை நீங்க போடுற மாத்திரை ஞாயித்துக்கிழமை ஜாங்கிரியைப் போய்ப் பிடிக்காது. அன்னிக்கு நீங்க சாப்பிடுறதோடதான் அதுக்கு வேலை. நீங்க அதுவும் சாப்பிடல. அப்புறம் அது எதைக் குறைக்கும்? உங்களைத்தான் குறைக்கும்." பிறகு, "வேற ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

கொப்புளத்துக்கு வாங்கியதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அதுவும் இதுவும் சேர்ந்தா இதோட வேகம் கூடும். இனிமே தலைவலிக்கு ஒரு மாத்திரை வாங்கினாக்கூட, எனக்குச் சர்க்கரைக்கு மருந்து நடக்குதுன்னு சொல்லிட்டு வாங்குங்க. நீங்க போடுற மாத்திரை ஒரு நாளுக்கு மேலயும் உடம்புல நிக்கும். அதனாலதான் உங்களை இன்னும் வீட்டுக்கு அனுப்பல."

காலடியில் நின்று என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பாட்டிலை எடுத்துத் தன் நூல்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து நான் பலகையில் உட்கார்ந்து, தட்டில் சாப்பாடு விழுந்த பிறகுதான் அந்த ஒரு மாத்திரை வெளியே வரும்.

வீடு திரும்பிய நாலாம் நாள் ஆபீசில் சொன்னார்கள், என் பேரில் மனு வந்திருக்கிறது என்று. குடித்துவிட்டுப் பணிக்கு வந்ததாக எழுதி, பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து அந்த ஊரின் பெரிய வீட்டுக்காரருடையது. அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார், சம்பந்தம் வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை நான் அவரோடு வரப்புச் சண்டை போட்டிருந்த வீட்டில் எறிந்துவிட்டேன். அவர்கள் பிரித்துப் படித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாராயம் குடிக்காததற்கு நான் சாட்சி தேடலாம். இதற்கு என்ன தேடுவது? பெரிய வீட்டுப் பெண்ணை நினைத்து நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

தபால் இலாகா இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். நான் டாக்டர் சீட்டைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இது மறுநாள் எழுதினது. சம்பவம் நடந்தப்ப பார்த்தவங்க யாராவது சொல்லணும்" என்றார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய், வெல்லத் தண்ணீர் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"குடிக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வாயை மோந்து பாத்தேன் சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார்.

"என் தம்பி கள்ளச் சாராயத்துலதான் போனான் சார். அந்த வாசம் எனக்குத் தெரியாதா?"

"இவர் உனக்கு வேண்டியவரா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். "எங்க தெருவுக்குள்ள இவர் ஒருநாள் கூட வந்தது இல்ல சார். ரோட்டு மேல நின்னுக்கினு பெல் அடிப்பாரு. நாங்கதான் ஓடி வந்து வாங்கினு போவோம். வேண்டியவருன்னு எப்படிச் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதினார். காகிதத்தில் பேனா உரசும் சத்தம் கேட்டது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. ஒன்பது வருஷம் அந்தத் தபால் லைனில் போயிருக்கிறேன். அந்த ரோட்டு முனையில் சைக்கிளை நிறுத்தி மணி அடிப்பதை நான் ஒரு பழக்கம் என்றே நினைத்திருந்தேன். நான் இறங்கி நடக்காத தெருவில் இருந்துதான் எனக்கு உயிர் கொடுத்தவள் வந்தாள் என்பது, அவள் வாயால் கேட்கும் வரை எனக்கு உறைக்கவில்லை. அவள் போகும்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று பின்னாலேயே ஓடினேன். "சாப்ட்டீங்களா?" என்று அவள்தான் கேட்டாள்.

குடித்தேன் என்ற புகார் தள்ளுபடியானது. கடிதத்தை மாற்றிக் கொடுத்ததற்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அது நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். வியாதியை மறைத்ததற்கு இன்ஸ்பெக்டர் தனியாகத் திட்டினார். வேலை போகவில்லை.

மறுபடியும் லைனுக்குப் போன முதல் நாள் காலனித் தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். நான் பெரிதாக எதையோ செய்வதாக எனக்கு ஒரு நினைப்பு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "இன்னாபா, வழி தப்பிட்டியா?" என்றார். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்சிக் காட்டிட்டுப் போ" என்றார். நின்று படித்துக் காட்டினேன்.

பெரிய வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவருகே நின்று முழுவதும் கேட்டார். "உன் வியாதி உனக்கு. என் பொண்ணு பேச்சு ஊர் வாயில போச்சே, அதுக்கு மாத்திரை இருக்குதா?" என்றார். அதன் பிறகு அவர் என் கையால் கடிதம் வாங்கவில்லை. ஆபீசுக்கு ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். நான் அந்த லைனை விட்டு மாறும் வரை அப்படித்தான்.

இதெல்லாம் நடந்தும் என் பதற்றம் அடியோடு போய்விடவில்லை. குழாயைக் காய்ச்சுவது வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைந்தது. ஆனால் இரவில் போர்வைக்குள் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. மாத்திரையின் அளவை டாக்டர் இரண்டு முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நான் ஒரு நிலையில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வைகாசி கருட சேவை. ராஜவீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். காலையில் மாத்திரை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு மதியம் தாண்டிவிட்டது. வேஷ்டியும் புதுச் சட்டையுமாக வந்ததில், ஆஸ்பத்திரிக்குப் பிறகு எப்போதும் கூடவே வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலம் காக்கிச் சட்டையிலேயே தங்கிவிட்டது. பெருமாளின் குடை தூரத்தில் தெரியும்போது விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. முன்பு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அன்று பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒருவருடைய தோளைத் தொட்டு, சத்தமாகவே சொன்னேன்.

"ஐயா, எனக்குச் சக்கரை வியாதி. மாத்திரை சாப்புடுறேன். இப்போ சக்கரை இறங்குது. இனிப்பா ஏதாவது இருந்தா குடுங்க."

அவர் திருத்தணிப் பக்கம் இருந்து வந்த தெலுங்குக்காரர். நான் சொன்னது அவருக்கு முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை. என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். குழந்தைக்கு வாங்கியிருந்த சர்க்கரை மிட்டாயை அப்படியே என் கையில் வைத்தார். அவர் மனைவி துணி மூட்டையை இறக்கி, "கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி" என்று அதன்மேல் என்னை உட்கார வைத்தாள். குழந்தை என்னையே முறைத்துப் பார்த்தது. மென்று முழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. சுற்றிலும் எல்லோரும் கை கூப்பிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்த எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. வாகனம் எங்களைத் தாண்டிப் போயிருந்தது.

அப்புறம் எழுந்து, அந்தக் குழந்தைக்கு வேறு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு, சந்து சந்தாகப் புகுந்து சாப்பிட வீட்டுக்கு நடந்தேன்.